விதைத்த பின் பசுந்திட்டு

கோல்ப் ஆட்டத்தில் குழியைச் சூழ்ந்திருக்கும் மென்மையான புற்பரப்பைக் கிரீன் என்பர். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ள கோல்ப் கழகங்களுள் மிகப் பழமையானது கல்கத்தாவில் 1829-இல் தோன்றியது. அத்துணை நெடிய வரலாறு இருந்தும், நீர்வளமற்ற நம் ஊர்கள் பலவற்றில் மணலை இறுக்கிப் பரப்பி, 'பிரௌன்' என்று பெயரிட்டு ஆடினர். புல் வளர்ப்பது அவ்வளவு எளிதன்று.

சமவெளிக்கு ஏற்றது அறுகு. பிள்ளையாருக்குச் சாத்தும் அதே அறுகுதான். டிப்டுவார்ப் போன்ற கலப்பினங்கள் முளைக்கும் விதை தருவதில்லை. அவற்றின் தண்டுத் துணுக்குகளையே நடவேண்டும். நான் கூறப்போவது விதையால் எழும் அறுகைப் பற்றியதாகும். மண்ணின் வெப்பம் 20 பாகைக்கு மேல் இருக்கவேண்டும். நிழல் அதற்கு ஆகாது. கிரீனைக் கவிந்திருக்கும் கிளைகளை விதைக்கும் முன்பே கழித்துவிடுவது நன்று.

ஒரு கிலோ விதையில் ஏறத்தாழ 40 லட்சம் மணிகள் இருக்கும். இத்துணைச் சிறிய விதையை ஆழப் புதைக்க இயலாது. ஆகவே முதல் இரண்டு வாரம் மேல்மண் உலரவே கூடாது. ஒரே முறை பெருகப் பாய்ச்சினால் விதை பள்ளத்தில் போய்த் திரளும். நாளொன்றுக்குப் பலமுறை, பனித்தூறல்போல் தெளிக்கவேண்டும்.

முளை கண்டதும் இம்முறையை மாற்றவேண்டும். பலர் இடறுவது இங்கேதான். பச்சை தெரிந்த மகிழ்ச்சியில் முன்போலவே தெளித்துக்கொண்டிருப்பர். வேர் மேலேயே தங்கிவிடும். ஈரத்தில் பாசி படரும். பூஞ்சை நோயால் இளநாற்று அடியழுகிச் சாயும். தெளிக்கும் தடவையைக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் நீரின் அளவைக் கூட்டினால், வேர் ஈரத்தைத் தேடிக் கீழிறங்கும். விடியற்காலையில் நீண்ட மூங்கிற்கழியால் பனித்துளியைத் தட்டிவிடுவதும் பூஞ்சையைக் குறைக்கும். செலவில்லாத மருத்துவம் இது!

புல் ஏறத்தாழ 15 மில்லிமீட்டர் உயர்ந்ததும், நன்கு தீட்டிய அலகால், காய்ந்த வேளையில் முதல் வெட்டு. அலகு மழுங்கியிருந்தால் புல்லை வெட்டாது, வேரோடு பிடுங்கும். ஒரு வெட்டில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கலாகாது. வாரந்தோறும் சிறிது சிறிதாக 6 மில்லிமீட்டர் வரை தாழ்த்தலாம். வெட்ட வெட்டத்தான் அறுகு பக்கவாட்டில் ஓடிப் பின்னிக்கொள்ளும். தழைச்சத்தையும் சிறுகச் சிறுக, அடிக்கடி இடுதல் வேண்டும். கோரை தலைகாட்டினால் கையாலேயே களைவது நலம். களைக்கொல்லியை இளம்புல் தாங்காது. புல் பின்னிய பின், மெல்லிய மணலை அவ்வப்போது தூவி மேடுபள்ளத்தை நிரவலாம்.

இனி, ஆட்டக்காரரின் அவசரம். திட்டு பசுமையாகத் தோன்றியவுடனே "எப்பொழுது திறப்பீர்கள்?" என்று கேட்கத் தொடங்குவர். போட்டி நாளைக் குறித்துவிட்டுப் புல்லை வளரச் சொல்லும் குழுக்களும் உண்டு. நெருக்கடியோ பாவம், தோட்டக்காரரின் தலைமேல் விழும். நாட்காட்டியைப் பார்த்து இதை முடிவு செய்யலாகாது. இரு விரலால் புல்லைப் பற்றி இழுத்துப் பாருங்கள். வேரோடு வந்தால் திறக்கும் காலம் வரவில்லை. அதுவரை அருகிலுள்ள புல்வெளியில் தற்காலிகமாக ஒரு குழி வெட்டிக்கொடுத்தால், ஆட்டம் தடையின்றி நடைபெறும்.