கடலடியில் ஒரு நடவு
(திருநாவலூரில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாற்று விடுவதும், பறித்து முடி கட்டுவதும், சேற்றில் நடுவதும் நமக்குக் கைவந்த தொழில். இதே நடவைக் கடலுக்கடியில் செய்துவரும் ஒரு விஞ்ஞானியைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விரும்புகிறோம். கடலைப் பற்றித் திருநாவலூரில் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். நம் பக்கத்துக் கெடிலம் கடலூரில் கடலோடு கலக்கிறது. நம் வயலிலிருந்து வழிந்தோடும் நீரும் அதனோடு போகிறது. ஆதலால் இது நமக்கும் உரிய பேச்சே.

கடற்புல் பாசி அன்று. வேரும் தண்டும் இலையும் கொண்டு, நீருக்குள்ளேயே பூத்து விதைவிடும் தாவரம் அது. உலகில் ஏறத்தாழ 60 வகைகள் உண்டு. வெயிலொளி எட்டும் ஆழங்குறைந்த கடலில் அது புல்வெளியாகப் பரந்து வளர்கிறது. இறாலும் நண்டும் மீன்குஞ்சும் அதனுள் ஒதுங்கி வளர்கின்றன. மீனவர் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசுவுக்கு அதுவே மேய்ச்சல் நிலம். வளர்ந்த ஆவுளியா நாளொன்றுக்கு 30 முதல் 40 கிலோ வரை மேய்ந்துவிடும். புல்லின் வேர்கள் அடிமண்ணை அரிப்பிலிருந்து காக்கின்றன. ஆகவே, புல் அழிந்தால் மீனவர் வீட்டு அடுப்பும் அணையும்.

இப்புல்லைத் தம் வாழ்க்கைப் பணியாகக் கொண்டவர் டாக்டர் வே. பாலாஜி. தஞ்சை மாவட்டக் கரையையொட்டிய பாக் விரிகுடா அவருடைய ஆய்வுக்களம். ஓம்கார் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் அவரே. ஆய்வுக்கூடத்தோடு நில்லாமல், சிறு துடுப்புப் படகிலேறிக் கரையோர ஊர்களுக்குச் சென்று, கடல்வளத்தைக் காப்பது பற்றி மக்களிடம் எடுத்துரைத்தார்.

இழுவைமடிகள் அடித்தரையை வாரிச் செல்வதால் பல இடங்களில் புல் வேரோடு பெயர்ந்துவிடுகிறது. வெறுமையான அவ்விடங்களில் மீண்டும் நடுவதே அவர் மேற்கொண்ட பணி. மூங்கிலால் சதுரச் சட்டம் செய்து, அதன் குறுக்கே தேங்காய்நார்க் கயிறு கட்டுகிறார்கள். அடர்ந்த புல்வெளியிலிருந்து வேரோடு எடுத்த தண்டுகளைக் கயிற்றில் பிணைத்து, சட்டத்தைக் கடலடியில் பதிக்கிறார்கள். வேர் பிடிக்கும் வரை சட்டம் தாங்கி நிற்கிறது. பின்னர் நாரும் மூங்கிலும் மக்கிப்போகின்றன. பிளாஸ்டிக் எதுவும் கடலில் தங்குவதில்லை. மூங்கிலும் கயிறும் கிராமத்திலேயே கிடைப்பவை. கடலடியின் போக்கறிந்த மீனவர்களே இதில் பங்காளிகள்.

பாக் விரிகுடாவில் இத்தகைய ஆய்வுகளும், ஊர் மக்களின் ஒத்துழைப்பும், அரசின் முயற்சியும் ஒன்றுசேர்ந்தன. 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் கடற்பசுவுக்கென அமைந்த முதற் பாதுகாப்பகம் இதுவே.

இதில் நமக்கு என்ன பங்கு? பயிருக்கு வெயில் எப்படியோ, கடற்புல்லுக்கும் அப்படியே. ஆற்றுவெள்ளம் கொணரும் வண்டல் நீரைக் கலக்கினால் ஒளி தடைப்படும். அளவுக்கு மிஞ்சிய உரம் கரைந்து சென்றால் பாசி பெருகி இலையை மூடும். அக்னியாறு பாக் விரிகுடாவில் விழுகிறது. கெடிலம் கடலூர்க் கரையில் விழுகிறது. கரைகள் வேறாயினும் நியதி ஒன்றே. மேட்டில் இருப்பவன் செய்வதைப் பள்ளத்தில் இருப்பவன் அனுபவிக்கிறான்.

இழப்பு கடலுக்கு மட்டுமன்று. வெள்ளத்தோடு போவது நம் வயலின் மேல்மண். நாம் விலைகொடுத்து வாங்கிய உரம். ஆகவே வரப்பை உயர்த்துவோம். சரிவு நிலங்களில் மண்வரப்பு அமைப்போம். மண்ணைப் பரிசோதித்து அளவறிந்து உரமிடுவோம். ஓடைக் கரைகளில் மரமும் புல்லும் வளர்ப்போம். குப்பையை ஆற்றில் கொட்டுவதைப் பஞ்சாயத்துத் தீர்மானத்தால் தடுப்போம். இவற்றுள் எதற்கும் கடல் விஞ்ஞானி வந்து வழிகாட்ட வேண்டியதில்லை. நம் மண்ணை நாம் காத்தால், கடலடி வயலும் பிழைக்கும்.