சண்டைமீனை வரைவோம்



வண்ண மீன் ஒன்று வரையுங்கள் என்றால், உங்களில் பலர் ஆரஞ்சு உடலில் வெள்ளைப் பட்டை போட்ட கடல்மீனைத்தான் வரைவீர்கள். படங்களில் கண்ட மீன் அது. பேராக் மாநிலத்தின் வயல்வாய்க்கால்களிலும் புல் மண்டிய மண் கால்வாய்களிலும் அதற்குச் சற்றும் குறையாத அழகுள்ள மீன் ஒன்று வாழ்கிறது. அதுதான் சண்டைமீன். மலாய்க்காரர் இக்கான் லாகா என்பர்.

கடையில் நீண்ட துடுப்புகளோடு விற்கப்படுவது, சயாம் நாட்டு இனத்திலிருந்து மனிதர் வளர்த்தெடுத்தது. நாம் வரையப்போவது நம் நாட்டுச் சிறிய இனம். ஐந்து சென்டிமீட்டர் நீளம்தான். 1975ஆம் ஆண்டில் அறிவியலார் இதற்குப் பெத்தா இம்பெல்லிஸ் என்று பெயரிட்டனர். இம்பெல்லிஸ் என்றால் போரிடாதது என்று பொருள்! சயாம் மீனைப்போல் இது மூர்க்கமாகச் சண்டையிடுவதில்லை.

முதலில் பென்சிலால் உருவம். உடல் மாவிலைபோல் நீண்டது. வாய் மேல்நோக்கியிருக்கட்டும். இம்மீன் நீரின் மேல்மட்டத்துக்கு வந்து காற்றைச் சுவாசிக்கும். கொசுப் புழுவையும் அங்கேயே பிடிக்கும். முதுகுத் துடுப்பு வாலை ஒட்டிப் பின்தள்ளி இருக்கும். அடித்துடுப்பு நீளமானது. வால், விரித்த விசிறி.

இனி வண்ணம். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறோம். பெட்டியிலுள்ள நீலத்தை எடுத்து உடல் முழுதும் பூசிவிடுகிறோம். மீன் பிளாஸ்டிக் பொம்மையாகிவிடுகிறது. உண்மையில் அந்த நீலம் சாயமன்று. மீனின் தோலில் குவனின் என்னும் பொருளின் நுண்ணிய படிகங்கள் அடுக்கடுக்காக உள்ளன. அவை ஒளியை நீலமாகத் திருப்பி அனுப்புகின்றன. கீழே கருநிறம் இருப்பதால்தான் அது பளிச்சிடுகிறது. மீன் திரும்பினால் நீலம் பச்சையாகும். ஆகவே முதலில் உடலைக் கரும்பழுப்பாக்குங்கள். அதன்மேல் செதிலுக்கு ஒரு புள்ளியாக நீலப்பச்சையை வையுங்கள். இடையே கருமை தெரியட்டும். கறுப்புத் தாள் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது! வாலின் ஓரத்தில் பிறைபோல் ஒரு சிவப்பு, அதற்கு மெல்லிய கறுப்புக் கரை.

இவ்வளவும் ஆண்மீனுக்குத்தான். பெண்மீன் வெறும் பழுப்பு.

துடுப்பை விரித்த கோலத்தில் பார்க்க வேண்டுமானால், புட்டியருகே ஒரு கண்ணாடியைக் காட்டுங்கள். தன் நிழலையே எதிரி என்றெண்ணிச் சிலிர்க்கும். ஓரிரு நிமிடம் போதும். பிறகு கண்ணாடியை எடுத்துவிட வேண்டும்.

ரப்பர்த் தோட்டத்து லயத்தில் வாழ்ந்த நாளில், நாங்கள் இம்மீனைப் பிடித்து ஜாம் புட்டிகளில் அடைத்து, நடுவே அட்டை செருகி வைப்போம். ஒருநாள், புல்லடியில் நுரைக் குமிழிகளுக்குக் கீழே அசையாமல் நின்ற மீனைக் கண்டோம். எளிதாய்ப் பிடிபட்டது. மகிழ்ந்துபோனோம். அந்த நுரைதான் அதன் கூடு என்பதும், முட்டைகளை ஆண்மீனே காக்கும் என்பதும், விழும் முட்டையை வாயால் எடுத்து மீண்டும் நுரையில் வைக்கும் என்பதும் அப்போது தெரியாது. மறுநாள் போனோம். நுரையும் இல்லை, முட்டையும் இல்லை.

நுரை கண்டால் மீனைத் தொடாதீர்கள், கரையிலமர்ந்தே வரையுங்கள். பிடித்த மீனைப் பிடித்த இடத்திலேயே விடுங்கள். கடைமீனை மட்டும் கால்வாயில் விடவேண்டா. இரண்டும் கலந்து, நம் மீனின் இனம் கெடும்.

ரப்பர் போய்ச் செம்பனையும் வீடுகளும் வந்த தோட்டங்கள் பல. சிமெண்டுக் கால்வாயில் தேடினால் பெரும்பாலும் கப்பிதான் அகப்படும். அது தென்னமெரிக்காவிலிருந்து வந்த மீன். புல் மண்டிய மண் கால்வாய் அருகில் இருந்தால், பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, காலை வெயிலில் போய்ப் பாருங்கள். பென்சிலோடு கருநிறக் கட்டியையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.