வேலியடைப்பும் செம்மீன் கெட்டும்

(கும்பளங்கியில் நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கிலாந்தில் 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வர்க்கங்கள் உருமாறிய வரலாற்றைப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். மட்டாஞ்சேரியிலிருந்தும் ஃபோர்ட் கொச்சி சலவைத் துறையிலிருந்தும் வந்திருக்கும் தோழர்களுக்காகத் தமிழில் பேசுகிறேன். நான் வரலாற்றாசிரியன் அல்லேன், மொழிபெயர்ப்பாளன். எனவே ஒரு சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

'மூலதனம்' முதற்பாகத்தின் இறுதிப் பகுதியில் 'யோமன்' எனப்படும் உழவர் பிரிவினரைப் பற்றி மார்க்ஸ் எழுதுகிறார். 1750ஆம் ஆண்டு வாக்கில் இப்பிரிவினர் மறைந்தே போயினர் என்பது அவர் கணிப்பு. இச்சொல்லுக்குத் தமிழில் என்ன எழுதுவது? நம் பழைய உரையாசிரியர்கள் வேளாளரை உழுவித்துண்போர் என்றும் உழுதுண்போர் என்றும் இரண்டாகப் பிரித்தனர். நிலவுடைமைக் கனவான்கள் உழுவித்துண்போர், யோமன் உழுதுண்போர். சொல் கிடைத்துவிட்டது என மகிழ்ந்தபோதுதான் ஓர் உண்மை உறைத்தது. உழுதும் உண்ணாதவருக்கு அந்தப் பாகுபாட்டில் இடமேயில்லை.

ஆங்கிலேயரும் இதற்கு விலக்கல்லர். 1577இல் வில்லியம் ஹாரிசன் தம் நாட்டு மக்களைக் கனவான்கள், நகரத்தார், யோமன்கள், கைவினைஞரும் கூலியாட்களும் என நான்காக வகுத்தார். நான்காம் பிரிவினர் ஆளப்படுவதற்கே உரியவர் என்பது அவர் கருத்து. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர், 1688ஆம் ஆண்டின் நிலையைக் கணக்கிட்ட கிரிகோரி கிங், நாட்டின் செல்வத்தைப் பெருக்குவோர், குறைப்போர் என இரண்டே பத்திகள் போட்டார். சுமார் 13.6 லட்சம் குடும்பங்களில் 8.49 லட்சம் குடும்பங்கள் 'குறைப்போர்' பத்தியில் அடங்கின. யார் அவர்கள்? கூலித் தொழிலாளர், குடிசைவாசிகள், மாலுமிகள், படைவீரர். உழைத்தவர் அனைவரும் செல்வத்தைக் கரைத்தவராம்! முதலாளித்துவப் பொருளியலின் கணக்குப் புத்தகம் அன்றே திறக்கப்பட்டுவிட்டது.

இந்த இரு கணக்குகளின் பின்னணியில் நிகழ்ந்தது என்ன? 1536 முதல் 1540 வரை மடாலயங்கள் கலைக்கப்பட்டு, அவற்றின் நிலங்களில் பெரும்பகுதி கனவான்களின் கைக்குப் போயிற்று. கம்பளிக்கு நல்ல விலை கிடைத்ததால், ஊர்ப் பொதுவான மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி வேலி எழுந்தது. மாடு மேய்க்கவும் சுள்ளி பொறுக்கவும் இருந்த உரிமை வேலிக்கு அப்பால் நின்றுவிட்டது. அறுவடைக்குப் பின் சிந்திய கதிர் பொறுக்கும் ஏழைகளின் வழக்கம் மட்டும் நெடுநாள் நீடித்தது. அதுவும் சட்டப்படியான உரிமை அன்று என 1788இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதற்கிடையே ஓர் எழுச்சியைக் குறிப்பிட வேண்டும். 1549இல் நார்ஃபோக் பகுதி மக்கள் வேலிகளைப் பிடுங்கப் புறப்பட்டனர். அவர்கள் சென்ற நிலங்களுள் ஒன்று ராபர்ட் கெட் என்பவருடையது. வசதி படைத்த அவரும் வேலியடைத்தவரே. வந்தவர்களின் நியாயத்தை ஒப்புக்கொண்ட கெட், தம் வேலியை அகற்றச் சம்மதித்து, எழுச்சிக்குத் தலைமையும் ஏற்றார். அவ்வாண்டு டிசம்பரில் தூக்கிலிடப்பட்டார். அவர் பெயரை இங்கே உச்சரிக்கும்போது உங்களுக்கு வேறொரு 'கெட்டு' நினைவுக்கு வருமல்லவா?

கும்பளங்கியை இன்று திரைப்படத்தால் உலகம் அறியும். நாம் அறிய வேண்டியது இதன் பொக்காளி வயல்களை. மழைக்காலத்தில் உப்பு கழுவப்பட்டதும் நெல். அறுவடைக்குப் பின் நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் 14 வரை இறால். வேலியேற்றத்தில் தூம்பு வழியே இறால் குஞ்சுகள் உள்ளே வரும். அழுகும் வைக்கோல் தாளே அவற்றுக்கு இரை. வேலியிறக்கத்தில் தூம்பு வாயில் வலை. (ஓதத்தை மலையாளத்தில் 'வேலி' என்பர், ஆங்கிலேய வேலியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பருவம் முடிந்து குத்தகைதாரர் கரையேறியதும் 'கெட்டு கலக்கல்'. ஊரார் அனைவரும் இறங்கி, எஞ்சிய மீனைப் பிடித்துக்கொள்ளலாம். அங்கே கதிர் பொறுக்கல், இங்கே கலக்கல்.

இந்த வரப்புகளைக் கட்டியவரும் இடுப்பளவு நீரில் அறுவடை செய்தவரும் பெரும்பாலும் புலயர் சமூகத்தினர். அவர்களுக்கு நிலமில்லை, நிலத்தில் கூடும் உரிமையும் இல்லை. 1913இல் பண்டிட் கருப்பனும் கிருஷ்ணாதி ஆசானும் முன்னின்று கூட்டிய காயல் சம்மேளனம் எர்ணாகுளம் காயலில், பிணைத்துக் கட்டிய வள்ளங்களின் மேல் நடந்தது. தண்ணீர் ஒன்றே எவருக்கும் சொந்தமாகாதிருந்தது.

பின்னர் துறைமுகம் வந்தது. தீவுகளின் ஆட்கள் சுமைகூலிகளாயினர். ஒப்பந்தக்காரர் வீசியெறியும் 'சாப்பா' என்னும் உலோக வில்லைக்கு ஒருவரையொருவர் மிதித்துக்கொண்டு பாய்ந்தால்தான் அன்று வேலை. அம்முறைக்கெதிரான போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அந்தத் தியாகிகளை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

நிலத்துக்கு வருவோம். 1957 ஏப்ரல் 5இல் பொறுப்பேற்ற அமைச்சரவை, ஒரு வாரத்துக்குள் நிலவெளியேற்றத்துக்குத் தடை விதித்தது. 1959இல் அது கலைக்கப்பட்டது. போராட்டங்களுக்குப் பின், திருத்தப்பட்ட நிலச்சீர்திருத்தச் சட்டம் 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குத்தகையாளர் உடைமையாளராயினர். குடிகிடப்புக்காரருக்கு ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட் வரை மனை கிடைத்தது. வெண்மணிக்குப் பின் 1971இல் தமிழ்நாட்டிலும் குடியிருப்பு மனைச் சட்டம் வந்தது. இவை பெரும் வெற்றிகள். இன்று இதைச் சாதாரணமாகப் பேசும் இளைஞர்களுக்கு, அன்று குடிசையைப் பிரித்தெறிய ஒரு சொல் போதும் என்பதை விளக்குவது கடினம்.

ஆயினும் வயல் யாருக்குப் போயிற்று? குத்தகையாளருக்கு, உழுதுண்போருக்கு. சேற்றில் நின்றவருக்கு மனை மட்டுமே. இதைச் சொல்லத் தயங்கக் கூடாது. இரண்டு தலைமுறைக்குப் பின், அந்த உடைமையாளர் பலருக்கு நெல் கட்டுப்படியாகவில்லை. வயல் இறால் குத்தகைக்குப் போகிறது. 'ஒரு நெல், ஒரு மீன்' என்பது அரசின் கொள்கை. குத்தகைப் பணத்துக்கோ ஆண்டு முழுவதும் உப்புநீர் வேண்டும். நெல் நின்றால் பெண்களுக்கு அறுவடைக் கூலியில்லை. வடியாத உப்புநீர் வரப்போரத்து 10 சென்ட் வீட்டின் சுவரை அரிக்கிறது. நேற்று மாலை இவ்வூர் மூத்த பெண்கள் இருவருடன் பேசிக்கொண்டிருந்தேன். கைகளால் தடவி மீன் பிடித்த வயலில் இப்போது காவலாள் விரட்டுகிறான் என்றனர். கலக்கல் என்ற சொல்லைப் பேரப்பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறதாம்.

'இங்கே எதிரி யார்?' என்று உரைக்கு முன்பே ஒரு தோழர் கேட்டார். தம் குடும்பத்துக்கும் ஒரு கெட்டு உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. பழைய ஜன்மியைப் போல எளிதாக அடையாளம் காட்டக்கூடிய எதிரி இவ்வயலில் இல்லை. சிறு உடைமையாளர் நம் இயக்கத்தால் நிலம் பெற்றவர். இன்றும் நம் மாநாடுகளுக்கு வருபவர். அவரைக் குத்தகை மூலதனத்திடமிருந்து பிரித்து, நெல் நட்டம் தராதபடி அறுவடைக்கு உதவியும் விலையும் பெற்றுத் தந்தாக வேண்டும். அதே வேளையில், உப்புநீரைத் திறந்துவிடும் தேதியைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் வயல் உள்ளவர் மட்டுமன்றி வரப்போரத்தில் வீடுள்ளவரும் உட்கார வேண்டும். இவ்விரண்டில் ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றைச் செய்ய இயலாது என்பது என் கருத்து. மாறுபடுவோர் விவாதத்தில் கூறுக.

எந்தெந்த வயல்களில் நெல் நின்றுபோயிற்று, எவற்றில் கலக்கல் இன்னும் நடக்கிறது என்பதை வீடு வீடாகக் கேட்டுப் பட்டியலிடக் கிளைத் தோழர்கள் ஒப்புக்கொண்டுள்ளனர். ஏப்ரல் 14க்கு முன் அது கைக்கு வர வேண்டும். சலவைத் துறைத் தோழர் ஒருவர் கைதூக்குகிறார்; அவர் கேள்விக்கு வருகிறேன்.