இருப்பு ஏடும் ஆர்டர் ஏடும்

(அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் நடந்த ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நீங்கள் தரும் காணிக்கையில் ஒரு பங்கு மருந்தாகி நோயாளியின் கைக்குப் போகிறது. அந்த மருந்து தேவையான நாளில் அலமாரியில் இருக்க நாங்கள் என்ன செய்கிறோம் என்பதை இன்று சொல்ல விரும்புகிறோம்.

இதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல முன்மாதிரி உண்டு. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாவட்டக் கிடங்குகளின் மருந்து இருப்பைக் கம்ப்யூட்டரில் பதிந்து, அதைப் பார்த்து ஆர்டர் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. அரசு மருத்துவமனைகளுக்கு பாஸ்புக் கொடுத்து, எடுக்கும் மருந்தின் மதிப்பை அதில் கழித்தது.

சிறிய மருந்தகத்துக்கு எக்செல் போதும். ஒரு தாளில் இருப்பு, மற்றொன்றில் ஆர்டர். மருந்தின் பெயரைக் கொண்டு தேடினால் எழுத்துப் பிழையில் மாட்டிக்கொள்வோம். ஆகவே ஒவ்வொரு மருந்துக்கும் ஓர் எண் கொடுக்கிறோம். ஒரே மருந்தில் 250 மில்லிகிராமுக்கு ஓர் எண், 500-க்கு வேறு எண்.

வீலுக்கப் என்னும் சூத்திரம் நான்கு விவரம் கேட்கும்: தேட வேண்டிய எண், தேடும் அட்டவணை, விடை இருக்கும் பத்தி எத்தனையாவது, எண் அப்படியே பொருந்த வேண்டுமா என்பது. நான்காவது இடத்தில் பூஜ்யம் போட வேண்டும். அதை விட்டுவிட்டால் ஆபத்து. உதாரணமாக, 118 இன்சுலின், 117 இரும்புச்சத்து மாத்திரை என்று வைத்துக்கொள்வோம். எண் வரிசையில் உள்ள இருப்பு ஏட்டில் 118 விடுபட்டிருந்தால், கம்ப்யூட்டர் 117-இன் இருப்பான 4,000-ஐ எடுத்துக் காட்டும். இன்சுலின் நிறைய இருப்பதாக எண்ணி யாரும் ஆர்டர் போடமாட்டார்கள். பூஜ்யம் இருந்தால் 'என்ஏ' என்று பிழை காட்டும். உடனே அலமாரியைப் போய்ப் பார்ப்போம்.

இன்னொன்று. ஒரே மருந்து இரண்டு பேட்ச்களில் இருந்தால், வீலுக்கப் முதல் வரியோடு நின்றுவிடும். மொத்தம் தெரிய சம்இஃப் வேண்டும். காலாவதியான பேட்ச்சை அதற்கு முன்பே ஏட்டிலிருந்து நீக்கிவிட வேண்டும். பிறகு, மூன்று மாதத் தேவையிலிருந்து கையிருப்பையும், ஆர்டர் கொடுத்து இன்னும் வராததையும் கழித்தால், புதிதாக வாங்க வேண்டியது தெரியும். வராத ஆர்டரைக் கழிக்க மறந்தால் ஒரே மருந்தை இருமுறை வாங்குவோம். உங்கள் பணம் அலமாரியிலேயே காலாவதியாகும்.

ஏட்டில் எழுதியதைத்தான் சூத்திரம் பார்க்கும். அலமாரியில் உள்ளதை மனிதர்தான் எண்ண வேண்டும். மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரம் வந்து எங்களோடு எண்ணித்தர முடிந்தவர்கள் பெயர் கொடுங்கள். அதுவும் காணிக்கையே.