மருத்துவரும் மாணவரே



மட்டாஞ்சேரியில் வாழும் நாம் நோயுற்றால் முதலில் நாடுவது குடும்ப டாக்டரையே. ரயில்வேயில் பணிபுரியும் நாம் ஒன்று அறிவோம்: இஞ்சின் ஓட்டுநரின் கண்பார்வை காலந்தோறும் சோதிக்கப்படுகிறது, பயிற்சியும் புதுப்பிக்கப்படுகிறது. உயிர் காக்கும் டாக்டரின் கல்விக்கு அத்தகைய ஏற்பாடு வேண்டாவா?

பிரிட்டனில் 2012 டிசம்பர் முதல், ஆண்டுதோறும் நடக்கும் மதிப்பீட்டை ஆதாரமாகக் கொண்டு, ஐந்தாண்டுக்கொரு முறை டாக்டரின் தகுதி உறுதி செய்யப்படுகிறது. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வகுத்த ஒழுக்க விதிகள், ஐந்தாண்டில் 30 மணி நேரத் தொடர்கல்வியை வற்புறுத்தின. ஆயினும் கூட்டத்தில் அமர்ந்த நேரத்தை எண்ணுவது வேறு. நோயாளியிடம் காட்டும் திறமையை மதிப்பிடுவது வேறு. பின்னதே நமக்கு வேண்டுவது.

நம் கடமையும் ஒன்றுண்டு. பழைய மருந்துச் சீட்டைக் காட்டிக் கடையில் மருந்து வாங்குவதை விடுப்போம். டாக்டரிடம் தயங்காது வினவுவோம். வினவும் நோயாளியே டாக்டரைக் கற்கத் தூண்டுவான்.