தட்டு வேறு, மேசை ஒன்று



சிங்கப்பூர் சிராங்கூன் சாலையின் தொடக்கத்தில் இருக்கும் தேக்கா நிலையத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். கூட்டம் நெரிகிறது. நடுவே ஒரு மேசை மட்டும் காலி; அதன்மேல் சின்னதாய் ஒரு டிஷ்யூ பொட்டலம். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர் அதை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடுவார். கூட வந்த பழையவர் பதறி எழுப்பிவிடுவார். யாரோ இடம் பிடித்து வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போயிருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள். இப்படி இடம் பிடிப்பதைச் 'சோப்' என்பார்கள். நம்மூர்ப் பேருந்தில் ஜன்னல் வழியே துண்டு போடுகிறோமே, அதேதான். துண்டு போட்ட இடத்துக்கு இங்கே சண்டை வரும். அங்கே அந்தப் பொட்டலத்துக்குப் பெரும்பாலும் எதிர்ப்பேச்சே இருக்காது.

தேக்கா போன்ற இடங்களுக்குச் சிங்கப்பூர்த் தமிழில் உணவங்காடி நிலையம் என்று பெயர். தீவு முழுக்க 110-க்கும் மேல் இருக்கின்றன. தெருவோரத்தில் வண்டி தள்ளியும் கூடை சுமந்தும் விற்றவர்களை 1968, 69-இல் அரசு கணக்கெடுத்துப் பதிவு செய்தது. ஏறத்தாழ 18,000 பேர். குழாய்த் தண்ணீரும் சாக்கடை வசதியும் கொண்ட கட்டடங்களை 1971 முதல் எழுப்பி, 1986-க்குள் எல்லாரையும் உள்ளே கொண்டுவந்தது. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இந்த உணவங்காடிப் பண்பாட்டை மானுடத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. சிங்கப்பூரிலிருந்து அந்தப் பட்டியலில் ஏறிய முதல் பெயர் இதுதான்.

சமையல் ருசிக்காகவே அந்தப் பெருமை வந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. ருசி இருக்கிறது, மறுப்பதற்கில்லை. 2016-இல் இப்படிப்பட்ட இரண்டு எளிய சாப்பாட்டுக் கடைகளுக்கு மிஷலின் நட்சத்திரமே கிடைத்தது. ஆனால் வெளியூர்க்காரர் கவனிக்க வேண்டியது அடுப்பைவிட மேசையை.

தேக்காவில் ஒரே கூரையின் கீழ் பிரியாணி, தோசை, சீனர்களின் வாத்துக்கறிச் சோறு எல்லாம் கிடைக்கும். பன்றிக்கறி விற்கும் கடையும் உண்டு, ஹலால் கடையும் உண்டு. பல நிலையங்களில் ஹலால் கடைத் தட்டுக்குத் தனி நிறம். சாப்பிட்டு முடித்துத் திருப்பி வைக்கும் அடுக்குகூடத் தனி. இவ்வளவு பிரித்துவைத்த பிறகு உட்காரும் இடத்தில் பிரிவே கிடையாது. துடோங் எனும் தலைத்துணி அணிந்த மலாய்ப் பெண், பன்றிக்கறி நூடுல்ஸ் சாப்பிடும் சீனர், தயிர்சாதக்காரர் மூவரும் ஒரே மேசையில் தோள் இடிபட உட்காரலாம். அவரவர் தட்டு அவரவர்க்கு.

நம் பக்கத்துக் கதை தலைகீழ். சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகள் இருவருக்கு மட்டும் தனிப் பந்தி போட்டது 1920களின் நடுவில் தமிழ்நாட்டுக் காங்கிரசையே உலுக்கியது. இரயில் நிலைய உணவுச்சாலைகளில் பிராமணருக்கென்று தனி இடம் இருந்தது. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் பெயர்ப்பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை நீக்கப் பெரியார் இயக்கம் போராடியது. கிராமத்து டீக்கடைகளின் இரட்டைக் குவளையைச் சொல்லவே வேண்டாம். ஒரே பாய்லர், ஒரே டீ, ஆளைப் பார்த்து வேறு கிளாஸ். சிங்கப்பூரில் சாப்பாட்டைப் பார்த்துத் தட்டைப் பிரித்தார்கள். இங்கே மனிதரைப் பார்த்துப் பிரித்தோம். இரண்டும் பிரிவினைதானே என்று கேட்பவர்கள், டீக்கடைக்கு வெளியே குந்தியிருந்து குடித்தவரிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

சிங்கப்பூரின் இந்த மேசைப் பழக்கம் தானாய்க் கனிந்த நாகரிகம் என்றும் நினைத்துவிட வேண்டாம். சாப்பிட்ட தட்டை அவரவரே எடுத்து வைக்கச் சொல்லிப் பல ஆண்டுகள் கெஞ்சிப் பார்த்தார்கள். 'நாம் எடுத்தால் துப்புரவாளருக்கு வேலை போய்விடுமே' என்று பதில் வந்தது. 2021 செப்டம்பரில் சட்டம் பாய்ந்தது: முதல்முறை எச்சரிக்கை, அடுத்த முறை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். அதன்பின் தட்டுகள் நடக்கத் தொடங்கின. எச்சில் தட்டைத் தொடுவது இன்னொருவர் வேலை என்று வளர்ந்த நம்மவர்களும் இப்போது அதைக் கையில் ஏந்தி அடுக்கைத் தேடுகிறார்கள்.

குறைகளும் உண்டு. சோற்றுத் தட்டோடு ஒரு முதியவர் இடமின்றி நிற்க, டிஷ்யூ பொட்டலம் நாற்காலியை ஆள்வது அழகில்லை. மேசை துடைப்பவர்களில் பலர் எழுபதை எட்டியவர்கள். வளமான நகரம் அதற்கு வெட்கப்படலாம். கடைக்காரர்களுக்கும் வயது அறுபதை ஒட்டுகிறது. விடியுமுன் எழுந்து, வெக்கையில் நின்று, மலிவு விலைக்கு விற்கும் தொழிலுக்குப் பிள்ளைகள் வரத் தயங்குகிறார்கள். இளையவர்களைப் பழக்க அரசு திட்டங்கள் போட்டிருக்கிறது. சோற்றின் விலை ஏறாமலும் கடைக்காரருக்குக் கட்டுப்படியாகும்படியும் செய்ய அவை போதுமா என்பது சந்தேகம்தான்.

அங்கே போகும் நேயர்கள் விமான நிலையத்தில் இறங்கியதும் கடைவீதிக்கு ஓடாமல், ஒரு வேளையாவது உணவங்காடியில் முன்பின் தெரியாதவர் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். எழும்போது தட்டை எந்த அடுக்கில் வைக்க வேண்டும் என்று பார்த்து வையுங்கள்.