கடலடியே ஒரு தோட்டத்திற்கு



ஸ்வீடனின் தலைநகரான ஸ்டாக்ஹோமிலிருந்து டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனுக்கு ரயிலில் செல்ல ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். விமானத்தில் இதைவிட விரைவாகப் போய்விடலாம். ஆனால், குழந்தைகளுடன் செல்கிறவர்கள் ரயிலில்தான் போகவேண்டும் என்பது என் கட்சி. நாங்கள் ஐவர் சென்றோம்: என் தாயார், மனைவி, பன்னிரண்டு வயது மகள், எட்டு வயது மகன், நான். குழந்தைகளைப் பொறுத்தவரை பிரயாணத்தின் நோக்கம் ஒன்றே ஒன்று; கோபன்ஹேகனிலுள்ள டிவோலி என்னும் கேளிக்கைத் தோட்டம். “ராட்டினம் சுற்றுவதற்கா இத்தனை தூரம் வந்தோம்?” என்று என் தாயார் ரயில் புறப்படுமுன்பே கேட்டுவிட்டார். உண்மையைச் சொன்னால், எனக்கும் அதே எண்ணந்தான், வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஸ்டாக்ஹோமை விட்டு அகன்றதும் காடுகளும் ஏரிகளும் மாறி மாறி வருகின்றன. காட்டின் நடுவே செந்நிறம் பூசிய மரவீடுகள். இந்தச் சிவப்பு, ஃபாலூன் என்னும் ஊரின் பழைய செப்புச் சுரங்கத்து மண்ணிலிருந்து எடுக்கப்படுவது. அழகுக்கு மட்டுமன்றி, மரத்தைக் காப்பதற்கும் பூசுகிறார்கள். தெற்கே செல்லச் செல்லக் காடு விலகி, ஸ்கோனே மாகாணத்தின் விளைநிலங்கள் பரந்து விரிகின்றன.

என் மகன் ஒரு விந்தையைக் கண்டான். சாலையில் கார்கள் வலப்புறமாகச் செல்கின்றன. எங்கள் ரயிலோ இடப்புறத் தண்டவாளத்தில் ஓடிற்று. முன்பு ஸ்வீடனிலும் நம் நாட்டைப் போலவே சாலைப் போக்குவரத்து இடப்புறந்தான். 1967ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் அதிகாலையில் நாடு முழுவதும் ஒரே வேளையில் வலப்புறத்துக்கு மாறினார்கள். ரயிலை மட்டும் மாற்றவில்லை. டென்மார்க்கில் ரயிலும் வலப்புறந்தான் ஓடுகிறது. ஆகவே, மால்மோ நகரை ஒட்டிய பகுதியில் ரயில்கள் பக்கம் மாறிக்கொள்கின்றன. மின்சாரமும் இரு நாடுகளிலும் வேறு வேறு வகை. எல்லை கடக்கும் ரயில் இரண்டையும் ஏற்கும்படி செய்யப்பட்டிருக்கிறது. பிரயாணி இதில் எதையும் உணர்வதில்லை. உணர்ந்திருந்தால் என் மகன் ஓட்டுநரிடமே போய்க் கேள்வி கேட்டிருப்பான்.

மால்மோவைத் தாண்டியதும் கடல். ஸ்வீடனுக்கும் டென்மார்க்குக்கும் இடையே உள்ள ஜலசந்திக்கு ஓரெசுண்ட் என்று பெயர். 2000ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் இதன் குறுக்கே பாலம் திறக்கப்பட்டது. பாலத்தின் நீளம் ஏறக்குறைய 8 கிலோமீட்டர். மேல்தளத்தில் கார்கள், கீழ்த்தளத்தில் ரயில்கள். ஆனால் பாலம் எதிர்க்கரை வரை செல்வதில்லை! நடுக்கடலில், மனிதர் ஆக்கிய ஒரு தீவில் இறங்கி, 4 கிலோமீட்டர் நிலத்தில் ஓடி, மேலும் 4 கிலோமீட்டர் கடலுக்கு அடியே சுரங்கத்தில் செல்கிறது. காரணம் உண்டு. எதிர்க்கரையில் விமான நிலையம். உயர்ந்த கோபுரங்கள் விமானங்களுக்கு ஆபத்து. கப்பல்களுக்கும் வழி வேண்டும். 176 மீட்டர் நீளமுள்ள 20 கான்கிரீட் பெட்டிகளைக் கரையில் வார்த்து, மிதக்கவிட்டு இழுத்துவந்து, கடலடியில் தோண்டிய பள்ளத்தில் அமிழ்த்தி ஒன்றோடொன்று பொருத்தினார்கள். அருகில் இயற்கையாய் அமைந்த தீவின் பெயர் உப்புத் தீவு. ஆகையால் புதிய தீவுக்கு மிளகுத் தீவு என்று பெயரிட்டார்கள். என் தாயாருக்கு இந்தப் பெயர்ப் பொருத்தம் மிகவும் பிடித்துப்போயிற்று. புளித் தீவும் ஒன்று இருந்தால் ரசம் வைத்துவிடலாம் என்றார்.

சில நிமிஷங்களில் நாங்கள் கடந்த அந்த நீர்ப்பரப்பை, 1943 அக்டோபரில் 7,000க்கும் மேற்பட்ட யூதர்கள் கடந்தார்கள். அப்போது டென்மார்க் ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்தது. யூதர்களைச் சிறைப்பிடிக்கப் போகிறார்கள் என்னும் செய்தி முன்கூட்டியே கசிந்தது. டேனிஷ் மக்கள் அவர்களை வீடுகளிலும் தேவாலயங்களிலும் மருத்துவமனைகளிலும் ஒளித்துவைத்து, மீன்பிடி படகுகளில் இரவோடிரவாக ஸ்வீடனுக்கு அனுப்பினார்கள். இதை என் மகளிடம் சொன்னேன். அவள் கண்ணாடியில் முகத்தைப் பதித்துக் கடலைப் பார்த்தவள், ரயில் சுரங்கத்துள் நுழைந்து இருள் சூழ்ந்த பிறகுங்கூட முகத்தைத் திருப்பவில்லை.

கோபன்ஹேகன் மத்திய நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே டிவோலி. நிலையத்துக்கு அருகே தோட்டத்தை அமைத்தார்கள் என்று நினைப்பீர்கள். அன்று, தோட்டமே முந்தியது. அது 1843 ஆகஸ்ட் 15ஆம் நாள் திறக்கப்பட்டது. கோபன்ஹேகனின் முதல் ரயில் 1847இல்தான் ஓடிற்று. அக்காலத்தில் நகரம் கோட்டை மதிலுக்குள் அடைபட்டுக் கிடந்தது. மதிலுக்கு வெளியே, மேற்கு வாயிலருகில், ஜார்ஜ் கார்ஸ்டென்சன் என்பவர் இதை நிறுவினார். தோட்டத்திலுள்ள ஏரி, பழைய அகழியின் மிச்சமே.

அரசர் எட்டாம் கிறிஸ்டியானிடம் அனுமதி கேட்டபோது, மக்கள் களிப்பில் இருந்தால் அரசியலை நினைக்கமாட்டார்கள் என்று கார்ஸ்டென்சன் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. அரசருக்கு அந்த வாதம் பிடித்ததில் வியப்பில்லை. இந்த அரசர் நமக்கும் அந்நியர் அல்லர். 1620 முதல் டேனிஷ்காரர்கள் வசமிருந்த நம் தரங்கம்பாடி, வங்காளத்து செராம்பூரோடு சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது 1845இல், இவருடைய ஆட்சியில்தான்.

உள்ளே நுழைந்தோம். பூக்களும் நீரும் ராட்டினங்களும் சிறிய இடத்தில் ஒன்றையொன்று நெருக்காமல் அமைந்திருக்கின்றன. 1914இல் மரத்தால் கட்டிய ரோலர் கோஸ்டர் இன்றும் ஓடுகிறது. ஒவ்வொரு வண்டித் தொடரிலும் பிரயாணிகளோடு ஒரு பிரேக்காரர் அமர்ந்து, சரிவுகளில் தம் கையாலேயே வேகத்தை அடக்குகிறார். குழந்தைகள் அதில் மூன்று முறை ஏறினார்கள். மூன்றாம் முறை என்னையும் இழுத்துச் சென்றார்கள். அந்தப் பிரேக்காரரின் முதுகைத் தவிர நான் வேறெதையும் பார்க்கவில்லை.

மயிலின் தோகையே திரைச்சீலையாக விளங்கும் நாடக மேடை ஒன்று 1874 முதல் இருக்கிறது. அங்கு நடப்பவை வாய் பேசாக் கூத்துகள். டேனிஷ் மொழியில் ஒரு சொல்லும் அறியாத என் தாயார், கோமாளி அடிவாங்கியபோது உடன் சிரித்தார்.

பிறகு ஏரிக்கரையில் அமர்ந்து, அவருக்கு 1944இல் நடந்ததைக் கூறினேன். அந்த ஆண்டு ஜூன் 25ஆம் நாள், நாஜிகளுக்குத் துணைநின்ற டேனிஷ்காரர்களே டிவோலியில் வெடிவைத்துத் தீமூட்டினார்கள். இசை மண்டபமும் வேறு கட்டடங்களும் எரிந்தன. படைமுகாமன்று, ஆயுதசாலையன்று, பாட்டும் நடனமும் நடக்கும் இடம். மக்கள் எதை நேசித்தார்களோ அதை அடித்தால் அவர்கள் பணிவார்கள் என்பது கணக்கு. அதே சமயத்தில் இரவு எட்டு மணி முதல் எவரும் வெளியே நடமாடக் கூடாது என்று ஜெர்மானியர் உத்தரவிட்டார்கள். மறுநாள் ஒரு பெரிய கப்பல் கட்டும் தளத்தின் தொழிலாளர்கள் பகலிலேயே வேலையை விட்டுக் கிளம்பினார்கள். மாலையில் வெளியே வரக்கூடாதாம். ஆகவே தோட்ட வேலையை இப்போதே பார்த்தாக வேண்டும் என்றார்களாம்! அது நகரம் முழுவதற்குமான வேலைநிறுத்தமாக வளர்ந்தது. நீரும் மின்சாரமும் நிறுத்தப்பட்டன. தெருக்களில் பலர் மாண்டனர். கடைசியில் தடையுத்தரவைத் தளர்த்த வேண்டியதாயிற்று. களிப்பில் இருக்கும் மக்கள் அரசியலை நினைக்கமாட்டார்கள் என்ற வாதம் அந்த வாரத்தில் என்ன ஆயிற்று என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். தற்காலிகக் கொட்டகைகளை அமைத்துக்கொண்டு டிவோலி சில வாரங்களிலேயே மீண்டும் திறந்தது. புதிய இசை மண்டபம் 1956இல் எழுந்தது.

என் தாயார் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. விளக்குகள் ஒவ்வொன்றாய் ஏற்றப்பட்டு ஏரி நீரில் ஆடத் தொடங்கின. குழந்தைகள் மூச்சிரைக்க ஓடிவந்து, நேரமாகிவிட்டதா என்று என் முகத்தைப் பார்த்தார்கள்.

“போய் இன்னும் ஒரு தடவை ஏறிவிட்டு வாருங்கள், நாங்கள் இங்கேயே இருக்கிறோம்” என்றார் அவர்.